தூசிப் பை

காட்கோபர் மேற்கில் அசல்பா என்று ஓர் இடம் இருக்கிறது. மலைச்சரிவு முழுவதும் சின்னச் சின்ன வீடுகள். கீழே மெயின் ரோடு. ரோட்டுக்கு மேலே பாலத்தில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்துகளில் பட்டறைகள். தகரப் பட்டறை, வெல்டிங் பட்டறை, மரப் பட்டறை.

நாம் போகப் போவது ஒரு மரப் பட்டறைக்கு. பத்தடி அகலம், இருபதடி நீளம். பாதி இடத்துக்கு மேலே பலகை போட்டுப் பரண் கட்டியிருக்கிறார்கள். கீழே வேலை. பரணில் தூக்கம். ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். நான்கு பேர் இரவில் அங்கேயே படுப்பார்கள். மும்பையில் இது புதிதல்ல. வாடகை கொடுத்து மாளாது.

ஐந்து பேரில் மூத்தவரை எல்லோரும் மிஸ்திரி என்பார்கள். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மும்பைக்கு வந்து நாற்பது வருடம் ஆகிறது. இந்திக்காரரோடு இந்தி பேசுவார். மராட்டிக்காரரோடு மராட்டி பேசுவார். திட்டும்போது மட்டும் தமிழ்.

கடைசியில் சேர்ந்தவன் ஒரு தமிழ்ப் பையன். இருபத்தொரு வயது. அவனுடைய அக்கா குடும்பம் கிழக்குப் பக்கம் காமராஜ் நகரில் இருக்கிறது. அக்கா வீட்டில் இடம் போதாது. அதனால் அவனும் பரணில்தான் படுக்கிறான். ஊரில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மும்பைக்கு வந்தபிறகுதான் எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டான். மிஸ்திரியை அவன் 'அண்ணாச்சி' என்பான். அவர் அவனைத் 'தம்பி' என்பார். கோபம் வந்தால் 'ஏலே' என்பார்.

இரவு இரண்டு மணி

அன்று பட்டறைக்கு ஒரு பழைய தேக்குக் கதவு வந்திருந்தது. பழைய வார்னிஷை எடுத்துவிட்டுப் புதுப் பாலிஷ் போட வேண்டும். மறுநாள் காலையே கதவு வேண்டும் என்று சேட் சொல்லிவிட்டார். தம்பி சாண்டர் மெஷினை எடுத்தான்.

சாண்டர் மெஷின் உங்களுக்குத் தெரியும். முன்பு உப்புத்தாளைக் கையில் பிடித்து மரத்தைத் தேய்ப்பார்கள். மும்பையில் அதை ரேக்மால் என்பார்கள். இப்போது அந்தத் தாளை மெஷினின் அடியில் ஒட்டிவிட்டால் போதும். கரண்டு அதைச் சுழற்றித் தேய்க்கும். மூன்று நாள் வேலை மூன்று மணி நேரத்தில் முடியும். மூன்று நாளில் பறக்க வேண்டிய தூசியும் அந்த மூன்று மணி நேரத்தில் பறக்கும்.

தூசியைப் பிடிக்க மெஷினுக்குப் பின்னால் ஒரு துணிப் பை இருக்கிறது. அன்று அந்தப் பை நிறைந்துவிட்டது. தம்பி கவனித்தான். 'காலையில் கொட்டலாம்' என்று நினைத்தான். மெஷினைச் சுவர் ஆணியில் மாட்டினான். சாப்பிட்டான். படுத்தான்.

இரவு இரண்டு மணி இருக்கும். பரணில் படுத்திருந்த உத்தரப் பிரதேசத்துக்காரர் இருமிக்கொண்டே எழுந்தார். ஏதோ கருகும் வாசனை. அவர் போட்ட சத்தத்தில் எல்லோரும் எழுந்தார்கள். லைட்டைப் போட்டார்கள். எங்கும் தீ இல்லை. ஆனால் மெஷினின் பையில் ஓர் ஓட்டை. ஓட்டையின் ஓரம் கறுப்பு. உள்ளே சிவப்பாக ஏதோ கனன்றது. பைக்கு நேர் கீழே பிளைவுட் துண்டுகள். அதற்குப் பக்கத்தில் தின்னர் டப்பா.

தம்பி பதறிப்போய்ப் பையை உருவி உதறப் போனான்.

"ஏலே, உதறாதே!" என்று கத்தினார் மிஸ்திரி.

அவர் முதலில் ஓடிப்போய்த் தின்னர் டப்பாவை வாசலுக்கு வெளியே வைத்தார். ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். மெஷின் பிளக்கில் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டார். பிறகு பையை ஆட்டாமல், அசைக்காமல், மெஷினோடு சேர்த்து இறக்கினார். அப்படியே வாளித் தண்ணீருக்குள் அமுக்கினார். 'சுர்' என்றது. மெஷின் போயிற்று. நான்கு உயிர் தப்பியது.

தீ பெரிதாகப் பிடித்திருந்தால் வாளியோடு நின்றிருக்க முடியாது. எல்லோரும் வெளியே ஓடி, 101-க்குப் போன் செய்ய வேண்டியதுதான். பரணிலிருந்து இறங்க ஒரே ஓர் ஏணி. அந்த ஏணி மெஷின் தொங்கிய சுவரில்தான் சாய்ந்திருந்தது. இதை மறுநாள்தான் எல்லோரும் கவனித்தார்கள்.

ஏன் உதறக் கூடாது?

அதன்பிறகு யாருக்கும் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் வாசலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

"அண்ணாச்சி, ஏன் உதறாதேன்னு கத்துனீங்க?" என்று கேட்டான் தம்பி.

"ஊர்ல மரத்தூள் அடுப்பு பாத்திருக்கியா?"

"ஆச்சி வீட்டுல இருந்துச்சு."

"அதுல தூளை எப்படிப் போடுவாங்க?"

"நடுவுல ஒரு கட்டையை நிறுத்தி, சுத்தித் தூளைப் போட்டு இடிப்பாங்க. பிறகு கட்டையை உருவுவாங்க."

"இடிச்ச தூள் எப்படி எரியும்?"

"மெதுவா கனலும். காலையில வச்சா மத்தியானம் வரைக்கும் இருக்கும்."

"அதே தூளை ஒரு கை அள்ளி நெருப்பு மேல தூவுனா?"

தம்பிக்குப் புரிந்துவிட்டது. பக்கென்று பற்றும். சின்ன வயதில் அப்படித் தூவி ஆச்சியிடம் அடி வாங்கியவன் அவன்.

இதுதான் விஷயம். ஒரு மரக்கட்டை மெதுவாக எரியும். அதையே சிராயாகச் சீவினால் சீக்கிரம் எரியும். மாவு போல அரைத்தால் ஒவ்வொரு துகளையும் சுற்றிக் காற்று இருக்கும். காற்றில் பரவிய அந்தத் தூளில் ஒரு பொறி விழுந்தால் எல்லாத் துகளும் ஒரே நேரத்தில் பற்றும். அடைத்த அறையாக இருந்தால் அது வெடியாகவே வெடிக்கும். தம்பி பையை உதறியிருந்தால், கனலும் நெருப்பும் பறக்கும் தூளும் அந்தச் சின்ன அறையில் ஒன்று சேர்ந்திருக்கும்.

பெரிய ஆலைகளிலேயே இப்படி நடந்திருக்கிறது. 2012-ஆம் ஆண்டு கனடா நாட்டில் இரண்டு மர அறுவை ஆலைகள் மூன்று மாத இடைவெளியில் வெடித்தன. ஆலைக்கு இரண்டு பேராக நான்கு பேர் இறந்தார்கள். 2015 ஜூலை 17 அன்று இங்கிலாந்தில் பாஸ்லி என்ற கிராமத்தில் ஓர் ஆலை வெடித்தது. அது மரத்தை மாவாக அரைக்கும் ஆலை. அங்கும் நான்கு பேர் இறந்தார்கள். நம் பட்டறை அவ்வளவு பெரிதல்ல. ஆனால் தூசிக்குப் பட்டறையின் அளவு தெரியாது. சுவர் இடுக்கிலும், பரண் பலகைக்கு அடியிலும், டியூப் லைட்டின் மேலும் அது சேர்ந்துகொண்டே இருக்கும்.

நெருப்பு எங்கிருந்து வந்தது?

"யாரும் பீடி குடிக்கலையே அண்ணாச்சி. நெருப்பு எப்படி வந்துச்சு?"

மிஸ்திரி கதவைக் காட்டினார். பழைய கதவு. பிடி இருந்த இடத்தில் ஓர் ஆணி உடைந்து, அதன் முனை மட்டும் மரத்துக்குள் இருந்தது. முனை பளபளவென்று தேய்ந்திருந்தது. சாண்டர் அதன்மேல் ஓடியிருக்கிறது. இரும்பைத் தேய்த்தால் பொறி வரும். வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. மெஷினுக்குள் இருக்கும் விசிறி தூசியோடு அந்தப் பொறியையும் இழுத்துப் பைக்குள் தள்ளிவிடும். பையில் தூள் இறுக்கமாக இருக்கிறது. மரத்தூள் அடுப்பு தயார்.

இன்னொரு வழியும் உண்டு. கதவில் இருந்தது பழைய வார்னிஷ். வார்னிஷ், பெயிண்ட், எண்ணெய் ஏறிய மரத்தைத் தேய்த்தால் வரும் தூள் சாதாரண மரத்தூள் இல்லை. சூடாகப் பையில் விழுந்து, இறுக்கமாகக் குவிந்து கிடந்தால் அது தானாகவே மேலும் சூடேறும். ஈர வைக்கோலைப் போர் வைத்தால் உள்ளே கை வைக்க முடியாத சூடு வரும் அல்லவா? சில நேரம் போரே பற்றிவிடும். இதுவும் அந்த மாதிரிதான். இரண்டில் எது நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். பையைக் கொட்டியிருக்க வேண்டும்.

பாலிஷ் துணிக்கும் இதே குணம் உண்டு. ஆளிவிதை எண்ணெயைத் தச்சர்கள் அறிவார்கள். இந்தியில் அல்சி எண்ணெய் என்பார்கள். அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், சில மணி நேரத்தில் அது தானே பற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 38 மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. 22-ஆம் மாடியில் மரப் பலகைகளுக்கு மெருகேற்றும் வேலை நடந்தது. வேலை செய்தவர்கள் எண்ணெய்த் துணிகளை அங்கேயே விட்டுப் போனார்கள். 1991 பிப்ரவரி 23 அன்று அந்தத் துணிகளிலிருந்து தீ கிளம்பியது. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தைப் பிறகு இடித்தே விட்டார்கள். ஒரு மூலையில் கிடந்த துணி செய்த வேலை அது. எண்ணெய்த் துணியைச் சுருட்டாதீர்கள். வெளியே கொடியில் விரித்துக் காயப் போடுங்கள். அல்லது தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் அமுக்கி மூடிவையுங்கள்.

மெஷினுக்குள் தூசி என்ன செய்கிறது?

இரண்டு நாள் கழித்துச் சேட் வேறு மெஷின் வாங்கிக் கொடுத்தார். திட்டிக்கொண்டேதான் கொடுத்தார். பழைய மெஷினை மிஸ்திரி தூக்கிப் போடவில்லை. ஸ்க்ரூக்களைக் கழற்றித் தம்பிக்குத் திறந்து காட்டினார்.

உள்ளே மோட்டார். மோட்டாரின் நடுவில் சுழல்வது ஆர்மேச்சர். அதன் இரண்டு பக்கமும் சின்னக் கரித்துண்டுகள். இதைக் கார்பன் பிரஷ் என்பார்கள். சுழலும் ஆர்மேச்சரை இந்தக் கரி உரசிக்கொண்டே இருக்கும். அந்த வழியாகத்தான் அதற்குக் கரண்டு போகிறது. உரசும் இடத்தில் சின்ன நீலப் பொறி தெரிந்தால் பயமில்லை. அது வழக்கம். வட்டமாகச் செம்மஞ்சள் நெருப்பு ஓடினால் மெஷின் உதவி கேட்கிறது என்று அர்த்தம்.

மோட்டார் சூடாகும். அதைக் குளிர வைக்க ஒரு விசிறி இருக்கிறது. மெஷினின் உடம்பில் உள்ள சின்ன ஜன்னல்கள் வழியாக அது காற்றை இழுக்கும். அந்த ஜன்னல்களில்தான் தூசி அடைகிறது. ஜன்னல் அடைத்தால் காற்று இல்லை. காற்று இல்லாவிட்டால் சூடு. சூட்டில் கம்பிச் சுருளின் மேல்பூச்சு கருகும். ஒருநாள் புகை வரும். ரிப்பேர் கடைக்காரர் "ஆர்மேச்சர் போச்சு" என்பார். பாதி மெஷின் விலை கேட்பார்.

பழைய மெஷினின் உள்ளே தூசி பஞ்சு போல அடைந்திருந்தது. கார்பன் பிரஷ் உட்காரும் குழியில் தூசி இறுகி, கரி முன்னால் நகர முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தது. பேரிங்கில் கிரீஸும் தூசியும் சேர்ந்து பசை மாதிரி இருந்தது. சுவிட்சுக்குள்ளும் தூசி. இதனால்தான் சில மெஷின்களில் சுவிட்சை விட்ட பிறகும் ஓட்டம் நிற்பதில்லை. கை போவது இப்படித்தான்.

நம் ஊர் மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் எதுவும் காய்வதில்லை. ஈரக் காற்றில் மெஷினுக்குள் இருக்கும் தூசி நமத்துப்போய் ஒட்டிக்கொள்ளும். நமத்த தூசியில் கரண்டு கசியலாம். தொட்டால் 'சுருக்' என்று இருந்தால், அந்த மெஷினை அப்போதே ஓரம் வையுங்கள். 2005 ஜூலை 26 வெள்ளத்தை மறந்தவர் மும்பையில் யாரும் இல்லை. தரையில் வைத்த மெஷின்கள் எல்லாம் அன்று தண்ணீருக்குள் கிடந்தன. மழைக்காலத்தில் மெஷினை உயரத்தில் வையுங்கள். சுத்தம் செய்துவிட்டு வையுங்கள்.

சுத்தம் செய்வது எப்படி?

மிஸ்திரி சொன்ன முதல் பாடம்: "பிளக்கைப் புடுங்கு. பிறகு பேசு."

சுவிட்சை நிறுத்தினால் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்த பிளக் கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் கிடக்க வேண்டும். சுழல்வது முழுவதும் நிற்கும்வரை பொறுக்க வேண்டும்.

பிறகு வாசலுக்கு வாருங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்காருங்கள். மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. மரம் தேய்க்கும்போது மாஸ்க் போட்டுவிட்டு, சுத்தம் செய்யும்போது கழற்றி வைப்பவர்கள் நிறையப் பேர். சுத்தம் செய்யும் நேரத்தில்தான் மிக நுண்ணிய தூசி முகத்துக்கு நேராக எழும்புகிறது.

பையைக் கழற்றுங்கள். பை பாதி நிறையும்போதே கொட்டிவிட வேண்டும். முழுக்க நிறையக் காத்திருக்கக் கூடாது. துணியின் சின்னக் கண்கள் வழியாகக் காற்று வெளியேறினால்தான் விசிறியால் தூசியை இழுக்க முடியும். பை நிறைந்தால் இழுவை குறையும். இழுக்காத தூசி எங்கே போகும்? கொஞ்சம் மோட்டாருக்கு, மிச்சம் உங்கள் மூக்குக்கு.

பையை உயரத்தில் பிடித்துத் தட்டாதீர்கள். ஒரு தகர டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். பையின் வாயை டப்பாவுக்குள் விட்டு மெதுவாகக் கொட்டுங்கள். தண்ணீரில் விழும் தூள் பறக்காது. உள்ளே கனல் இருந்தாலும் செத்துவிடும். பிறகு பையை உள்ளே வெளியாகத் திருப்பிக் காய்ந்த பிரஷால் தேயுங்கள். பையைத் துவைக்கலாமா என்று தம்பி கேட்டான். துவைத்தால் நன்றாகக் காய வேண்டும். மழைக்காலத்தில் அது நடக்கிற காரியமா? ஈரப் பையில் தூசி ஒட்டிக் களியாகிவிடும். பிரஷே போதும்.

பை மாட்டும் குழாயை எட்டிப் பாருங்கள். அதன் கழுத்தில் தூசி கட்டியாக அடைந்திருக்கும். மெல்லிய மரக்குச்சியால் எடுத்துவிடுங்கள். பல பேர் பையைக் கொட்டுவார்கள், கழுத்தைப் பார்க்க மாட்டார்கள். பிறகு 'மெஷின் தூசி இழுக்கவில்லை' என்று குறை சொல்வார்கள்.

உப்புத்தாளை உரித்து எடுங்கள். மெஷினின் அடித்தட்டில் ஓட்டைகள் இருக்கும். தூசி அந்த ஓட்டைகள் வழியாகத்தான் மேலே போகிறது. தாளிலும் அதே மாதிரி ஓட்டைகள் உண்டு. ஓட்டைக்கு ஓட்டை நேராக இருக்கும்படி ஒட்ட வேண்டும். கோணலாக ஒட்டினால் வழி அடைத்துவிடும். ஓட்டையே இல்லாத மலிவுத் தாளை வாங்கி ஒட்டினால் பை எப்போதும் காலியாகத்தான் இருக்கும். தூசி முழுவதும் அறையில் இருக்கும். சேட்டுகள் இந்த இடத்தில்தான் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். தட்டின் மேல் ஒட்டுப்பட்டை இருக்கும். அதன் சின்னக் கொக்கிகளுக்கு இடையே தூசி நிறைந்தால் தாள் பிடிக்காது, பறந்துவிடும். பழைய பல் பிரஷால் அதைத் தேய்த்து எடுக்கலாம்.

அடுத்தது மோட்டாரின் ஜன்னல்கள். ஓர் அங்குல பெயிண்ட் பிரஷ், காய்ந்தது, போதும். தூசியை வெளிப்பக்கமாகக் கோதி எடுங்கள். ஊசி, கம்பி, ஸ்க்ரூ டிரைவர் எதையும் உள்ளே விடாதீர்கள். கம்பிச் சுருள் மேல் ஒரு கீறல் விழுந்தால் மெஷின் கதை முடிந்தது. உறிஞ்சும் மெஷின், அதாவது வேக்யூம், இருந்தால் அதன் வாயை ஜன்னலில் வைத்து உறிஞ்சுவது எல்லாவற்றையும்விட நல்லது.

பட்டறைகளில் நடப்பது வேறு. ப்ளோவரை எடுத்து 'புஸ்' என்று அடிப்பார்கள். மெஷின் சுத்தமாகிவிடும். தூசி எங்கே போயிற்று? பரணுக்குப் போயிற்று. படுக்கைக்குப் போயிற்று. பக்கத்து டீக்கடைப் பாலில் விழுந்தது. நுண்ணிய தூசி கீழே இறங்க மணிக்கணக்கு ஆகும். காற்றை அடித்துத்தான் ஆகவேண்டும் என்றால் பட்டறைக்கு வெளியே கொண்டுபோய், குறைந்த அழுத்தத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள். உடம்பில் உள்ள தூசியை மட்டும் கம்ப்ரெஸர் காற்றால் தட்டாதீர்கள். கண்ணும் காதும் போய்விடும். தோலில் வெட்டு இருந்தால் காற்று உள்ளே ஏறும். விளையாட்டாக நண்பன் மேல் அடிப்பதும் கூடாது.

மெஷினின் உடம்பைப் பிழிந்த ஈரத் துணியால் துடைக்கலாம். தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டாம். பிளாஸ்டிக் உடம்பு வெடித்துவிடும். ஆவி மோட்டாருக்குள் தங்கினால் பொறி பட்டுப் பற்றும்.

துடைக்கும்போது மெஷினின் மேல் உள்ள சீட்டைப் படியுங்கள். எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும். இருந்தாலும் ஒரு படம் இருக்கும்: ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம். கரண்டு தாக்காமல் இருக்க இரண்டு அடுக்குத் தடுப்பு உள்ள மெஷின் என்று அதற்கு அர்த்தம். அதனால்தான் அந்த மெஷினின் பிளக்கில் இரண்டு கால் மட்டும் இருக்கிறது. ஆனால் உள்ளே ஈரத் தூசி சேர்ந்தாலும், வயர் கிழிந்தாலும் அந்தத் தடுப்பை நம்ப முடியாது. வயரைக் கையால் தடவிப் பாருங்கள். பிளந்த இடத்தில் டேப் சுற்றி ஓட்டாதீர்கள். மாற்றுங்கள்.

மாதம் ஒரு முறை கார்பன் பிரஷைப் பார்க்க வேண்டும். சில மெஷின்களில் பக்கவாட்டு மூடியைத் திருகினாலே கரி வெளியே வந்துவிடும். கால் அங்குலத்துக்குத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாமல் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கரியின் விலை சில டீயின் விலைதான். அதை மாற்றாமல் விட்டால் ஆர்மேச்சர் போகும்.

எல்லாம் மாட்டிய பிறகு ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுக் கேளுங்கள். மெஷினின் சத்தம் ஓட்டுகிறவருக்குத் தெரியும். கரகரப்பு இருந்தால் பேரிங். கருகல் வாசனை இருந்தால் நிறுத்துங்கள்.

இத்தனையும் எழுதினால் நீளமாக இருக்கிறது. செய்தால் பத்து நிமிடம்.

மூக்கும் மார்பும்

தூசி மெஷினை மட்டும் அடைப்பதில்லை.

அன்று இரவு இருமிக்கொண்டு எழுந்தாரே, உத்தரப் பிரதேசத்துக்காரர், அவருக்கு ஒரு மாதமாகவே இருமல். "தூசி இருமல், சரியாப் போயிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மிஸ்திரி அவரைக் கிழக்குப் பக்கம் உள்ள ராஜாவாடி மாநகராட்சி மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். காசநோயா என்று பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனைக்குப் பணம் இல்லை. காசநோய் என்றால் மருந்தும் இலவசம். நெருங்கிப் படுக்கும் பரணில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வரும். அவருக்குக் காசநோய் இல்லை. தூசியால் வந்த ஆஸ்துமா என்று டாக்டர் சொன்னார்.

தேக்கு, ஈட்டி ஆகியவற்றின் தூசி சிலருக்குத் தோலில் அரிப்பு தரும். சிலருக்குத் தும்மலும் இளைப்பும் தரும். அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையின் தூள் மாவை விட நுண்மையானது. அதில் பசையும் கலந்திருக்கும். பெரிய தூளை மூக்கு முடி பிடித்துவிடும். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய தூள், மூக்கைத் தாண்டி மார்புக்குப் போய்விடும். கண்ணில் தெரியாத தூசிதான் மோசமான தூசி.

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று ஓர் ஊர். நாற்காலி செய்வதில் பேர்போன ஊர். 1960-களில் அங்கே எஸ்மி ஹாட்ஃபீல்டு என்ற பெண் டாக்டர் இருந்தார். காது, மூக்கு, தொண்டை டாக்டர். மூக்கின் உள்ளே வரும் ஒரு வகைப் புற்றுநோய் மிக அபூர்வமானது. ஆனால் தன்னிடம் அந்த நோயோடு வருபவர்களில் மரவேலை செய்தவர்கள் அதிகமாக இருப்பதை அவர் கவனித்தார். ஒவ்வொருவரையும் 'என்ன வேலை பார்த்தீர்கள்?' என்று கேட்டு எழுதி வைத்தார். மற்ற டாக்டர்களோடு சேர்ந்து 1968-இல் அதை வெளியிட்டார். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-இல் மரத்தூசியைப் புற்றுநோய் தரும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. மரவேலை செய்பவர் எல்லோருக்கும் அது வரும் என்று பயப்பட வேண்டாம். வருவது மிகச் சிலருக்குத்தான். ஆனால் ஒரு பக்க மூக்கு மட்டும் நெடுநாள் அடைத்திருந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ டாக்டரிடம் போங்கள். 'நான் தச்சு வேலை செய்கிறேன்' என்று நீங்களே சொல்லுங்கள். டாக்டர் கேட்காமலும் போகலாம்.

கைக்குட்டை கட்டினால் நுண்ணிய தூசி நிற்காது. என்95 மாஸ்க் வேண்டும். கொரோனா வந்த 2020-க்குப் பிறகு அந்தப் பெயர் எல்லோருக்கும் தெரியும். முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். தாடி இருந்தால் இடைவெளி வழியாகத் தூசி போகும். மாஸ்க்கை வெளியே தட்டித் திருப்பிப் போடாதீர்கள். மூச்சு இழுக்கச் சிரமமாக இருந்தால் புதிது வாங்குங்கள்.

இதையெல்லாம் முதலாளிதானே வாங்கித் தர வேண்டும்? நியாயமான கேள்வி. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 14-வது பிரிவு தூசியைப் பற்றியது. தூசி கிளம்பும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும் என்றது. ஆனால் கரண்டில் மெஷின் ஓட்டும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. ஐந்து பேர் பட்டறையைச் சட்டம் பார்க்கவில்லை. 2025 நவம்பரில் புதிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் பத்து என்பது இருபதாக ஆகிவிட்டது. சின்னப் பட்டறைக்காரர்கள் சட்டத்துக்கு இன்னும் தூரமாகப் போய்விட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கேட்கக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. எரிந்த மெஷினின் விலையையும், நூறு மாஸ்க்கின் விலையையும் மிஸ்திரி ஒரு பலகையில் எழுதிச் சேட்டின் முன்னால் வைத்தார். சேட் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். மாஸ்க் வந்தது.

பென்சில் கோடு

இப்போது அந்தப் பட்டறையில் சில மாற்றங்கள். மாலை ஏழு மணிக்கு மெஷின் நிற்கும். கதவு, ஜன்னல், பழைய சாமான் எது வந்தாலும் முதலில் தடவிப் பார்த்து ஆணியைப் பிடுங்குகிறார்கள். தண்ணீர் டப்பா வாசலுக்கு வெளியே இருக்கிறது. பிளைவுட் தூளைச் சாக்கடையில் கொட்டுவதில்லை. ஊறி அடைத்துக்கொள்ளும். அடுப்புக்கும் கொடுப்பதில்லை, பசைப் புகை வரும். மூட்டையாகக் கட்டி நகராட்சிக் குப்பைக்குப் போகிறது. ஏணியை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டார்கள். தரையைப் பெருக்கும் முன் தண்ணீர் தெளிக்கிறார்கள். தம்பி ஒருநாள் மெனக்கெட்டு டியூப் லைட்டின் மேல்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்தான். அந்தத் துணியைப் பார்த்து மிஸ்திரியே வாயடைத்துப் போனார்.

மெஷின் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பிளைவுட் பலகை அடித்திருக்கிறது. தம்பி காதில் செருகியிருக்கும் தச்சுப் பென்சிலை எடுத்துத் தினமும் அதில் ஒரு வரி எழுதுகிறான். 'பை கொட்டியது. மணி 7.' கீழே தேதி. உத்தரப் பிரதேசத்துக்காரர் கொட்டும் நாளில் இந்தியில் எழுதுகிறார். அவருக்கு எழுத்து கொஞ்சம் கோணல்.

ஒருநாள் தம்பி அக்கா வீட்டுக்குப் போயிருந்தான். காலையில் வந்ததும் பலகையைப் பார்த்தான். முந்தின நாள் வரி இல்லை. சட்டையைக்கூட மாற்றவில்லை. நேரே போய் மெஷினை இறக்கிப் பையைத் தொட்டுப் பார்த்தான். காலியாக இருந்தது.

"கொட்டிட்டேன்டா. எழுதத்தான் மறந்துட்டேன்" என்றார் மிஸ்திரி பரணிலிருந்து.

"அப்ப எழுதுங்க அண்ணாச்சி" என்று பென்சிலை நீட்டினான் தம்பி.